சங்ககிரிக்கு ஒரு டிரங்க் கால்

வைதேஹிக்கு ஊர்கள் எல்லாம் குரல்கள்தான். டெல்லியில் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் பதினான்கு வருஷமாக ஆபரேட்டர் வேலை. தெற்கே போகும் லைன்கள் இருந்த போர்டு அவளுடையது. மெட்ராஸ் என்றால் அவசரப்படும் ஒரு குரல், மதுரை என்றால் சளி பிடித்த குரல், சேலம் என்றால் காமாக்ஷி. காமாக்ஷியோடு ஒன்பது வருஷமாகத் தினம் பேசுகிறாள். ஒருத்தி முகத்தை மற்றவள் பார்த்ததில்லை.

1984 நவம்பர் முதல் தேதி, பிரதமர் தன் சீக்கியக் காவலர்களால் சுட்டுக் கொல்லப்பட்ட மறுநாள், அவள் போர்டில் விளக்குகள் அணையவே இல்லை. மகன் டெல்லியில் இருக்கிறான், மகள் டெல்லியில் இருக்கிறாள், எப்படி இருக்கிறார்கள் என்று தெற்கே இருந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். சாயங்காலம் ஆபீஸ் வண்டியிலேயே ஆபரேட்டர்களை வீட்டில் கொண்டுவிட்டார்கள். வழியெல்லாம் புகை. சரோஜினி நகர் மார்க்கெட் முனையில் டாக்ஸி ஸ்டாண்டு எரிந்துகொண்டிருந்தது. மழை நாட்களில் அவளைக் குவார்ட்டர்ஸ் வாசல் வரை கொண்டுவிடும் சர்தார்ஜி அங்கே இல்லை. அவர் தப்பித்தாரா இல்லையா என்று கேட்கவும் அங்கே ஆளில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் புருஷன் சேஷன் கதவைத் தாழிட்டான், ஜன்னல்களைச் சாத்தினான். அவன் விவசாய அமைச்சகத்தில் குமாஸ்தா. பயந்த சுபாவம். வைதேஹியும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு நாள் வெளியே கூச்சல் கேட்டது. இரண்டு நாளும் ஜன்னல் சாத்தியே இருந்தது. அதுதான் பின்னால் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

ராணுவம் வந்து, ஊர் கொஞ்சம் அடங்கி, பஸ்கள் ஓட ஆரம்பித்தன. யமுனைக்கு அந்தப் பக்கம் வீடுகளை இழந்தவர்களைப் பள்ளிக்கூடங்களில் தங்க வைத்திருப்பதாகச் செய்தி வந்தது. காலனிப் பெண்கள் வீடு வீடாக ரொட்டியும் பழைய கம்பளிகளும் சேர்த்தார்கள். செவ்வாய்க்கிழமை வைதேஹிக்கு வார ஓய்வு. புடவையைச் சொருகிக்கொண்டு அவளும் கிளம்பினாள்.

“குடுக்கறதக் குடுத்துட்டு ஆத்துலயே இரேன். அங்கெல்லாம் நீ எதுக்கு?” என்றான் சேஷன்.

“ஏன்னா, இத்தனை நாளா காதுல மாட்டிண்டு உக்காந்திருக்கேன். எல்லாரும் க்ஷேமம், எல்லாரும் க்ஷேமம்னு இவா அவாளுக்குச் சொல்றா. க்ஷேமம் இல்லாதவா யாருன்னு ஒரு நாள் போய்ப் பாக்கறேனே.”

சேஷன் கம்பளிகளை மூட்டையாகக் கட்டினான். பஸ் ஸ்டாப் வரைக்கும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தான். அங்கேயே நின்றுவிட்டான்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் பதினாறு வகுப்பறைகள். ஆயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். பெஞ்சுகளை எல்லாம் மைதானத்தில் அடுக்கிவிட்டு, வெறும் சிமெண்டுத் தரையில் படுத்திருந்தார்கள். இரண்டே குழாய். ஒரு மூலையில் குருத்வாராக்காரர்கள் பெரிய அண்டாக்களில் பருப்பு கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். ஆண்கள் குறைவு. இருந்த ஆண்களிலும் பலர் தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டு உயிர் தப்பியவர்கள். தலையைத் துண்டால் மூடிக்கொண்டு, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் இருந்தார்கள்.

முகாமைப் பார்த்துக்கொண்டிருந்தவள் ஒரு கல்லூரி ஆசிரியை. கம்பளிக் கணக்கில் வைதேஹியின் ஹிந்திக் கையெழுத்தைப் பார்த்ததும் அவளிடம் ஒரு பெரிய நோட்டைத் திணித்தாள். “ரொட்டி போட ஆள் இருக்கிறார்கள். பொறுமையாகக் கேட்டு எழுதத்தான் ஆள் இல்லை.”

பெயர், தெரு, கூட இருப்பவர்கள், காணாமல் போனவர்கள். நான்கு பத்திகள். வைதேஹி அறை அறையாகப் போனாள். நாலாவது பத்திதான் நிறைந்துகொண்டே போனது.  மூன்றாவது அறைக்கு வந்தபோது தலை நிமிராமல் கேட்பதும் எழுதுவதுமாக இருந்தாள்.

ஐந்தாவது அறை வாசலில் இரண்டு சிறுமிகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பிஸ்கட் வந்த அட்டைப் பெட்டிக்குள் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். இன்னொருத்திக்கு நாலு வயசு இருக்கும். அவள் பெட்டியின் பக்கத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி உரக்கக் கத்தினாள்.

“போலாம் ரைட்!”

வைதேஹியின் பேனா நின்றது.

“என்ன சொன்னே கண்ணு? இன்னொரு தடவை சொல்லு” என்றாள் தமிழில். குழந்தை மிரண்டுபோய் அறைக்குள் ஓடி, சுவரில் சாய்ந்திருந்த ஒரு பெண்ணின் துப்பட்டாவுக்குள் ஒளிந்துகொண்டது. அந்தப் பெண் தலையைக்கூடத் திருப்பவில்லை.

பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். பெயர் மொஹிந்தர் கௌர். கண்ணெதிரே கொழுந்தனை இழுத்துப் போனார்கள். ஜீத்தா, இருபத்திரண்டு வயசுப் பையன். அன்றையிலிருந்து பேச்சில்லை. புருஷன் லாரி டிரைவர். எங்கேயோ வழியில் இருந்தான். வழியில் போன லாரிகளுக்கும் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

வைதேஹி பழைய பக்கத்தைப் புரட்டினாள். யாரோ முன்பே எழுதியிருந்தார்கள்: கணவர் பல்தேவ் சிங். போன ஊர், மகாராஷ்டிரத்தில் சாங்லி. இரண்டு தந்திகள் அனுப்பப்பட்டன. பதில் இல்லை.

மொஹிந்தரின் மூத்த பெண் ராணோவுக்கு எட்டு வயசு. தங்கை நிம்மிக்காக அவள்தான் பதில் சொன்னாள். “வண்டி கிளம்பும்போது அப்பா அப்படித்தான் சொல்வார். அந்த ஊரில் அப்படிச் சொன்னால்தான் வண்டி நகருமாம்.”

“எந்த ஊர்? சாங்லியா?”

“சங்க்ரி” என்றாள் பெண், பிழையைத் திருத்துகிற டீச்சர் மாதிரி. “எத்தனை தடவை சொன்னாலும் எல்லாரும் தப்பாக எழுதுகிறார்கள். அங்கே மலை மேலே கோட்டை இருக்கும். கீழே ஆயிரம் லாரி நிற்கும்.”

வைதேஹி அந்தப் பெயரைத் தினம் பத்துத் தடவையாவது கேட்கிறவள். சேலத்துக்கு அந்தண்டை, சங்ககிரி. டெல்லி லோடு கேட்டு, டெல்லி வாடகை கேட்டு, காலையில் வரும் கால்களில் பாதி அங்கிருந்துதான்.

 அதை அவள் அப்போது வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. இல்லாத நம்பிக்கையைக் கொடுத்துவிட்டு நாளைக்குப் பிடுங்கிக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை. மொஹிந்தரின் எதிரே உட்கார்ந்து, “தீபாவளிக்கு அப்புறம் கிளம்பினாரா?” என்று மட்டும் கேட்டாள். மொஹிந்தர் ஒரே ஒரு தடவை தலையை அசைத்தாள்.

மறுநாள் காலை வைதேஹி நேராக சூப்பர்வைசர் பட்டாபியிடம் போனாள். ஆபரேட்டர்கள் சொந்தக் கால் பேசினால் அவருக்குப் பிடிக்காது. அவள் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“உன் பேர்ல போடப்படாது. என் பேர்ல கால் டிக்கெட் எழுது. அர்ஜெண்ட்னு போடு. எத்தனை கால் ஆறதோ ஆகட்டும்.”

சேலம் உடனே கிடைத்தது.

“வைதேஹியா? என்னடி இது, உங்க ஊரு இப்படிப் பண்ணிடுத்து” என்றாள் காமாக்ஷி. விஷயத்தைக் கேட்டதும் அவள் குரல் மாறிற்று. “சங்ககிரியில லாரி ஆபீஸ் நாப்பது இருக்கு. பேர் ஏதாவது தெரியுமா?”

“ஒண்ணும் தெரியாது. பல்தேவ் சிங், அவ்வளவுதான்.”

“சரி. ஒண்ணொண்ணாக் கூப்பிடறேன். நடுவுல கூட்டம் குறையறப்பல்லாம் உன்னைக் கூப்பிடுவேன். போர்டை விட்டு எழுந்துடாதே.”

முதல் ஆபீஸில் அப்படி யாரும் இல்லை. இரண்டாவதில் எடுக்கவே இல்லை. மூன்றாவதில் சர்தார்கள் தினம் நூறு பேர் வருவார்கள் என்றார்கள். இப்படியே மத்தியானம் ஆயிற்று. வைதேஹி டிபன் டப்பாவைத் திறக்கவில்லை. பதினோராவது ஆபீஸில் எடுத்தவர் பெயர் கருப்பசாமி.

“பல்தேவா?” என்று அவர் போட்ட சத்தத்தில் வைதேஹி ஹெட்போனைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கினாள். “ஏனுங்க, டெல்லியில இருந்தா பேசறீங்க? அவரு இங்கதானுங்க இருக்காரு. மூணு தந்தி குடுத்தோமுங்க. மூணும் ஆளில்லைன்னு திரும்பி வந்துருச்சு. ரெண்டாந்தேதி வண்டிய எடுத்துட்டுக் கெளம்பிட்டாருங்க. நாந்தான் சாவியப் புடுங்கி வெச்சுக்கிட்டேன். வழியில சர்தாருங்க வண்டியக் கொளுத்தறாங்கன்னு சேதி வருது, எப்படிங்க உடறது? அன்னாடம் இந்தப் போன் பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு இருக்காரு. இருங்க, குடுக்கறேன்.”

அடுத்து வந்த குரலைக் கேட்டு வைதேஹி ஒரு கணம் திகைத்தாள். பதினோரு வருஷம் அந்த ரோட்டில் வண்டி ஓட்டியவன், கருப்பசாமியின் தமிழையே பேசினான்.

“சொல்லுங்கம்மா. நான் பல்தேவுங்க.”

“உங்க சம்சாரமும் ரெண்டு பொண்ணும் பத்திரமா இருக்காப்பா. நேத்து நானே பாத்தேன்.”



“தப்பா நெனைக்காதீங்கம்மா. ஆறுதலுக்குச் சொல்றீங்களா, நெசமாச் சொல்றீங்களா? எப்படிங்க நான் நம்பறது?”

வைதேஹி யோசித்தாள். “உங்க சின்னப் பொண்ணு அட்டைப் பெட்டியை ரெண்டு தட்டு தட்டி, ‘போலாம் ரைட்’னு கத்தறா.”

கமறலும் அழுகையுமாக ஒரு சத்தம் வந்தது. பிறகு ரிசீவர் கைமாறியது. “அழுவறாருங்க. கொஞ்சம் அழுவட்டுமுங்க. அப்புறமாப் பேசலாம்” என்றார் கருப்பசாமி. லைனுக்கு நடுவில் காமாக்ஷி மூக்கை உறிஞ்சியது வைதேஹிக்கு நன்றாகக் கேட்டது.

தம்பியைப் பற்றி அவனும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவள் வேறொருத்தி.

மறுநாள் வைதேஹி அரை நாள் லீவு போட்டாள். இந்தத் தடவை சேஷனும் கிளம்பினான். “பஸ்ல தனியாப் போவானேன்” என்றான், அவளைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டே.

முகாமில் போன் இல்லை. ஐந்து நிமிஷ நடையில் ஒரு தபாலாபீஸ் இருந்தது. அங்கே போய்ப் பேச வேண்டும். விஷயத்தைச் சொன்னபோது மொஹிந்தர் வைதேஹியின் முகத்தையே வெகு நேரம் பார்த்தாள். பிறகு எழுந்தாள். ஆனால் பள்ளிக்கூட கேட்டுக்கு வந்ததும் கால் நகரவில்லை. அங்கே வந்து சேர்ந்த நாளிலிருந்து அவள் அந்தக் கேட்டைத் தாண்டியதில்லை. வெளியே டீக்கடையில் நாலைந்து ஆண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவ்வளவுதான். அதற்கே அவள் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

என்ன செய்வது என்று வைதேஹிக்குத் தெரியவில்லை. சேஷன்தான், “நான் முன்னால போறேன். நீ மொஹிந்தர் பாபியைக் கையைப் பிடிச்சு அழைச்சுண்டு வா” என்றான். வெயிலுக்குக் கொண்டுவந்த குடையை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டு, மெலிந்த மார்பை நிமிர்த்தி நடந்தான். டீக்கடை வந்ததும் நின்றான். அவர்களுக்கும் கடைக்கும் நடுவில் நின்று, பெண்கள் தாண்டிப் போகும் வரை அந்த ஆண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவர்கள் ஒன்றும் செய்யவில்லை. ஒருவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

தபாலாபீஸில் லைன் வந்ததும் வைதேஹி ரிசீவரை மொஹிந்தரின் காதில் வைத்தாள். அந்தப் பக்கத்தில் பல்தேவ் பேசுவது வெளியேயும் கேட்டது. மொஹிந்தரின் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை.  பிறகு, துருப்பிடித்த கீல் திறக்கிற மாதிரி ஒரு குரல் வந்தது.

“குழந்தைகள் இரண்டும் என்னிடம் இருக்கின்றன.”

அவன் ஏதோ கேட்டான். மொஹிந்தர் கண்ணை மூடிக்கொண்டாள். “ஜீத்தா இல்லை. நான் எவ்வளவோ பிடித்து இழுத்தேன். என் கையில் அவன் சட்டைதான் மிஞ்சியது.”

மூன்று நிமிஷம் முடிந்தது என்று டெல்லி ஆபரேட்டர் குறுக்கிட்டாள். வைதேஹி ரிசீவரில் குனிந்து, “நான்தான் வைதேஹி, வெட்டாதே” என்றாள். அவர்கள் பேசினார்கள். அழுதார்கள். பிறகு, ராணோவுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது, நிம்மி ரொட்டி சாப்பிட மாட்டேன் என்கிறாள் என்று வீட்டு விஷயம் பேசினார்கள். அப்போதுதான் வைதேஹி அவர்களை விட்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள்.

ரயிலில் வந்துவிடும்படி எல்லோரும் பல்தேவிடம் சொன்னார்கள். வண்டியை விட்டுவிட்டு வர அவன் சம்மதிக்கவில்லை. பாதை சரியாகட்டும் என்று கருப்பசாமி பத்து நாள் அவனை நிறுத்தி வைத்தார். அந்தப் பத்து நாளில் டெல்லியில் குளிர் இறங்கிவிட்டது. சிமெண்டுத் தரையில் குழந்தைகள் இருமிக்கொண்டே இருந்தன. வைதேஹி ஒருநாள் போனில் இதைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். “அப்படிங்களா?” என்றார் கருப்பசாமி. 

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, தலைப்பாகை கட்டிய உயரமான ஒரு ஆள் பள்ளிக்கூட கேட்டுக்குள் தனியாக நடந்து வந்தான். லாரியைத் தெருக்கோடியிலேயே நிறுத்திவிட்டிருந்தான். லாரி சத்தம் கேட்டால் இங்கே இருப்பவர்கள் பயப்படுவார்கள் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவனாகவே யோசித்திருந்தான்.

ராணோ முதலில் பார்த்துவிட்டு ஓடினாள். நிம்மி அக்காவின் பின்னால் ஓடினாள். மொஹிந்தர் எழுந்தாள், ஆனால் போகவில்லை. அவளைச் சுற்றி இருந்த பெண்கள் யாருடைய புருஷனும் இனிமேல் கேட்டைத் திறந்துகொண்டு வரப்போவதில்லை. அவர்கள் முன்னால் சந்தோஷப்பட அவளுக்குக் கூசியது. துப்பட்டாவை முகத்துக்கு இழுத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

அவள் தெருக்காரி ஒருத்தி, மகனையும் மருமகனையும் பறிகொடுத்தவள், தரையில் கையை ஊன்றி எழுந்து வந்தாள். பல்தேவின் தலையைக் குனிய வைத்து இரண்டு கைகளாலும் தடவினாள். “ஒருத்தன் வந்தான். நம் தெருவுக்கு ஒருத்தனாவது வந்தான்” என்றாள். பிறகு திரும்பி மொஹிந்தரை அதட்டினாள். “என்னடி நிற்கிறாய்? போ, அவனுக்குத் தண்ணீர் கொடு!”

கூட வந்திருந்த டிரைவர் பரமசிவம் லாரியை மெதுவாகக் கொண்டுவந்து கேட்டில் நிறுத்தி, தார்ப்பாயை அவிழ்த்தான். உள்ளே கட்டுக் கட்டாகப் பவானி ஜமக்காளங்கள். சிவப்பும் பச்சையும் நீலமுமாகக் கோடு போட்டவை. நெய்கிறவர்களும் லாரிக்காரர்களும் சேர்ந்து கொடுத்தது, முந்நூறுக்கு மேல் இருக்கும் என்றான் பரமசிவம்.

“வழியில தலைப்பாவ அவுத்துட்டுப் பின்னால படுத்துக்கப்பான்னு கெஞ்சினேனுங்க. கேக்கலையே! ஆறு நாளும் முன் சீட்டுலயே உக்காந்துட்டு வந்தாரு. எங்கயும் ஒரு ஆளு ஒண்ணும் கேக்கலீங்க.”

ஆண்களும் பெண்களும் வரிசையாக நின்று கட்டுகளைக் கைமாற்றினார்கள். சேஷன் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு வரிசையில் நின்றான். பஞ்சுத் தூசியில் தும்மிக்கொண்டே, “அச்சா, அடுத்தது! ஜல்தி, ஜல்தி!” என்று மற்றவர்களை விரட்டினான். இருபத்தைந்து வருஷ சர்வீஸில் அவன் யாரையும் விரட்டியதாக வைதேஹிக்கு ஞாபகம் இல்லை.

எல்லாம் இறங்கிய பிறகு பல்தேவ் வைதேஹியிடம் வந்தான். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தான்.

“உங்ககிட்ட இன்னொரு வேலை இருக்குதுங்கம்மா. டெல்லி சர்தாருங்க ஒன்பது பேரு அங்கங்க மாட்டிக்கிட்டு நிக்கறாங்க. சங்ககிரியில நாலு, நாமக்கல்ல மூணு, ஓசூர்ல ரெண்டு. வீட்டுல யாரு இருக்காங்க, யாரு இல்லைன்னு ஒருத்தருக்கும் தெரியாது. உங்க நோட்டுல பாருங்க.”

வைதேஹி காகிதத்தைப் பிரித்தாள். எல்லாம் பஞ்சாபி எழுத்தான குருமுகியில் எழுதியிருந்தது. அவளுக்கு ஒரு எழுத்தும் தெரியாது.

“இங்கே கொடுங்கள்” என்று கை நீட்டினாள் மொஹிந்தர்.

முதல் பெயரைத் தயங்கித் தயங்கிப் படித்தாள். இரண்டாவதைக் கொஞ்சம் உரக்க. பிறகு காகிதத்தை எடுத்துக்கொண்டு வராந்தாவில் நடந்தாள். ஒவ்வொரு அறை வாசலிலும் நின்று ஒன்பது பெயரையும், தகப்பன் பெயரையும், தெருவையும் படித்தாள். முகாமில் அதுவரை யாரும் கேட்டிராத குரல் அது. நல்ல கணீரென்ற குரல். பின்னாலேயே வைதேஹி நோட்டோடு நடந்தாள். முதல் அறையில் யாரும் பேசவில்லை. இரண்டாவதிலும் இல்லை. ஒன்பதாவது அறையில், கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் ஆறாவது பெயரைக் கேட்டதும் குழந்தையோடு அப்படியே எழுந்து நின்றாள்.

“திரும்பச் சொல்” என்றாள்.

மொஹிந்தர் திரும்பச் சொன்னாள். பிறகு வைதேஹி பக்கம் திரும்பி, “பெஹன்ஜி, எழுதிக்கொள்ளுங்கள்” என்றாள். அடுத்த அறையைப் பார்த்து நடந்தாள்.